குழம்பிப் போன வார்ட்டைப் பொறுப்பெடுக்கும் சிஸ்டர்மாருக்கு: ரோஸ்டரில் (டியூட்டி அட்டவணையில்) இருந்து தொடங்குங்கோ

மருத்துவ விடுதி (வார்ட்), பொறுப்பு சிஸ்டர்:

முதல் கிழமையே மீட்டிங் வைக்காதேங்கோ. ஒருத்தரும் வாய் திறக்க மாட்டினம். கடைசி மூன்று மாத ரோஸ்டரை மேசையில் விரித்து, ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் மூன்று எண்ணிக்கை எழுதுங்கோ: எத்தனை நைட், எத்தனை ஞாயிறும் போயாவும் (பௌர்ணமி விடுமுறை), கேட்ட லீவில் எத்தனை கிடைத்தது. நைட் என்றால் இரவு 7 முதல் காலை 7 வரை, 12 மணித்தியாலம். ஒருவருக்கு நாலு, இன்னொருவருக்கு ஒன்பது என்றால் அந்தக் கணக்கு வார்ட் முழுக்கத் தெரிந்திருக்கும், சிஸ்டரைத் தவிர. ஓ.டி.க்காக (மேலதிக நேரக் காசுக்காக) நைட் விரும்பிக் கேட்பவர்களும் உண்டு, அதனால் கேட்டுவிட்டுப் பிரித்துக் கொடுங்கோ.

லீவுக் கொப்பியை 20ஆம் திகதி மூடி, 25ஆம் திகதி ரோஸ்டரைச் சுவரில் ஒட்டுங்கோ. லீவு மறுத்தால் காரணத்தைக் கொப்பியிலேயே ஒரு வரி எழுத வேணும். பொங்கல், சித்திரை வருஷம், வெசாக், பெருநாள், நத்தார் ஐந்துக்கும் யாருக்கு லீவு, யாருக்கு டியூட்டி என்று வருடம் முழுக்க ஒரே தாள். யாழ்ப்பாணம், மட்டக்களப்பில் இருந்து வந்த தாதிப் பிள்ளைகளுக்கு ஒற்றை ஓஃப் பஸ்ஸிலேயே முடிந்துவிடும். நைட் இறங்கும் நாளோடு இரண்டு ஓஃப் சேர்த்துக் கொடுத்தால், கொழும்பில் தங்கியிருப்பவரோடு ஒப்பிட்டு முணுமுணுப்பது பாதி குறையும்.

ஓய்வுபெற்ற மேட்ரன்:

ரோஸ்டர் சரி. ஆனால் பிழை நடந்த அந்த ஐந்து நிமிடத்தில் சிஸ்டர் என்ன கேட்கிறார் என்பதுதான் பெரிது. இன்சுலின் 4 என்று எழுதி, பக்கத்தில் ஆங்கில ‘யூ’ எழுத்தை ஒட்டி எழுதினால் அது பூச்சியமாகத் தெரியும். 4 யூனிட் 40 ஆகிவிடும். ஜூனியர் ஓடிவந்து சொன்னால் "யார் போட்டது?" என்று தொடங்காதீர்கள். "இப்ப சுகர் எவ்வளவு?" அதுதான் முதல் கேள்வி. விரலில் குத்திப் பாருங்கள், டொக்டருக்குச் சொல்லுங்கள், அவர் சொல்லும் இடைவெளியில் திரும்பத் திரும்பப் பாருங்கள், டிக்கெட்டில் (நோயாளியின் கட்டில் குறிப்பேட்டில்) நேரத்தோடு எழுதுங்கள். நோயாளிக்கு ஆபத்தில்லை என்றான பிறகு, கதவைச் சாத்தி மருந்து எழுதிய அந்தத் தாளை இருவரும் சேர்ந்து பாருங்கள். மறுநாள் முதல் ‘யூனிட்’ என்று முழுதாக எழுத வேண்டும் என்பதை டொக்டர்மாரிடம் கேட்க வேண்டியவர் சிஸ்டர், அந்தப் பிள்ளை அல்ல.

வார்ட் ரவுண்டில் கன்சல்டனுக்கு (விசேட வைத்திய நிபுணருக்கு) முன்னால் ஒரு தடவை ஏசினால் போதும், அடுத்த பிழை உங்கள் காதுக்கு வராது. ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1990களில் மருத்துவமனைக் குழுக்களின் மருந்துப் பிழைகளை எண்ணியபோது, நல்ல தலைமை இருந்த இடங்களில்தான் எண்ணிக்கை கூடியிருந்தது. அங்கே ஒளிக்காமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். ஆகவே பிழை அறிக்கை கூடலாம் என்று மேலிடத்துக்கு முதலே சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்ணையே காட்டி உங்களைக் கேள்வி கேட்பார்கள்.

சத்திரசிகிச்சை விடுதி, தாதிய உத்தியோகத்தர்:

மொழியை யாரும் சொல்லவில்லையே. தமிழ் பேசும் இருவர் மேசையடியில் தமிழில் கதைத்தால், தங்களைப் பற்றித்தான் என்று மற்றவர்கள் நினைப்பார்கள், சிங்களத்திலும் அப்படித்தான். ஹேண்ட்ஓவர் (டியூட்டி மாறும்போது நோயாளி விபரம் ஒப்படைப்பது) அங்கே நிற்கும் எல்லோருக்கும் விளங்கும் ஒரே மொழியில், கட்டிலடியில் நடக்கட்டும். தேத்தண்ணி நேரத்தில் எந்த மொழியும் பேசலாம். வாட்ஸ்அப் குழுவில் அறிவித்தல் மட்டும். அங்கே ஏசினால் பத்து நிமிடத்தில் ஸ்கிரீன்ஷாட் அடுத்த வார்ட்டில் இருக்கும்.

இன்னொன்று, டியூட்டி மாற்றுவது. வாய்ப்பேச்சில் மாற்ற விடாதீர்கள்: இருவரின் கையெழுத்தும் சிஸ்டரின் ஒப்பமும் ஒரே கொப்பியில் வேண்டும். இல்லையென்றால் இரவு 7 மணிக்கு ஒருவரும் வரமாட்டார்கள், பகல் 1 மணிக்கு டியூட்டிக்கு ஏறியவர்தான் விடியும்வரை மாட்டிக்கொள்வார்.