கடுகுத் தட்டில் வெள்ளையாகப் பஞ்சு: சாப்பிடலாமா?

மாடிச்செல்வி (மதுரை):
எல்லோருக்கும் வணக்கம். ஒரு மாதமாக வீட்டில் மைக்ரோகிரீன்ஸ் (முளைத்துச் சில நாளிலேயே வெட்டிச் சாப்பிடும் இளம்பயிர்) வளர்க்கிறேன். மளிகைக் கடையில் வாங்கிய வெந்தயமும் கடுகும்தான். பார்சல் டப்பாவில் அடியில் ஓட்டை போட்டு, தேங்காய் நார்த்தூள் நிரப்பித் தூவுகிறேன். மூன்றாம் நாள் கடுகின் வேரைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி வந்துவிடுகிறது. பயந்துபோய் இரண்டு தட்டைக் குப்பையில் கொட்டிவிட்டேன். மூன்றாவது தட்டும் இன்று காலை அப்படியே நிற்கிறது. என் ஐந்து வயது மகள் கீரை என்றாலே வாயை மூடிக்கொள்கிறாள், இதைத் தோசைமேல் தூவினால் மட்டும் சாப்பிடுகிறாள். கீரைக்குப் பதிலாக இது போதுமா? மாமனாருக்கும் தினமும் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இதய வால்வு ஆபரேஷன் ஆகி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்.

நார்க்கட்டி (பொள்ளாச்சி):
தங்கச்சி, கொட்டிவிடாதீர்கள். முதலில் தண்ணீரை மெல்லியதாக ஸ்பிரே பண்ணிப் பாருங்கள். வேர்த்தூவி, அதாவது வேரில் வரும் மெல்லிய முடி என்றால் நனைந்தவுடன் வேரோடு ஒட்டிக் காணாமல் போய்விடும், காய்ந்தால் திரும்ப வரும். பால்புட்டி கழுவும் பிரஷ் மாதிரி ஒவ்வொரு வேரிலும் ஒரே சீராக நிற்கும். கடுகிலும் முள்ளங்கியிலும் இது ரொம்ப அதிகம். பூஞ்சை அப்படியில்லை. நனைத்தாலும் போகாது, ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குச் சிலந்தி வலை போல ஓடும், டப்பாவைத் திறந்தாலே ஊசல் வாடை அடிக்கும். அப்படி இருந்தால் முழுத் தட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு, டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள்.

பூஞ்சை வருவது பெரும்பாலும் நெருக்கத்தாலும் ஈரத்தாலும்தான். விதைமேல் விதை ஏறக்கூடாது. முளைத்தபிறகு மேலே தெளிக்காமல், டப்பாவை ஒரு தட்டுத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்து எடுங்கள். நார்த்தூளையும் இரண்டு மூன்று தண்ணீரில் அலசுங்கள், உப்பு போகும். மதுரை வெயிலுக்கு மாடி வேண்டாம், அடுப்படி ஜன்னலோரம் போதும்.

எங்கள் அம்மா மாரியம்மன் கோயிலுக்கு முளைப்பாரி போடுவார். இருட்டறையில் வைத்து, யாரையும் எட்டிப்பார்க்க விடமாட்டார். பயிர் வெளிர்மஞ்சளாக நெடுநெடுவென்று வளரும். நமக்கும் முதல் இரண்டு மூன்று நாள் இருட்டு நல்லது, தண்டு நீளும். அப்புறம் வெளிச்சத்தில் வைத்தால்தான் பச்சை ஏறும். நான் கடுகை எட்டாம் நாள் கத்தரிக்கோலால் வெட்டிவிடுவேன்.

வயக்காடு:
விதைக் கடையில் இளஞ்சிவப்போ நீலமோ சாயம் ஏறிய விதை கிடைக்கும். அது பூஞ்சைமருந்து கலந்தது, இதற்கு ஆகாது. நீங்கள் மளிகைக் கடையில் வாங்குவதே சரி. ராஜ்மா, தக்காளி, கத்தரி வேண்டாம். சோளமும் வேண்டவே வேண்டாம், இளம் சோளப் பயிரை மேய்ந்து மாடே செத்துப்போகும்.

மருந்துச்சீட்டு:
நான் மருந்தாளுநர். செல்வி, மாமனாருக்குக் கொடுக்கும் யோசனையைத் தயவுசெய்து இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். வார்ஃபரின் வேலை செய்வதே வைட்டமின் கே-யை மடக்கித்தான். பச்சை இலைகளில் அது நிறைய. திடீரென்று தினமும் சேர்த்தால் மருந்தின் பலம் குறைந்து, வால்வில் ரத்தம் உறையலாம். கீரையே ஆகாது என்றில்லை, அளவு நாளுக்கு நாள் மாறக்கூடாது. மருத்துவரிடம் சொல்லி, ஐஎன்ஆர் பரிசோதனை (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும்.

2012-இல் அமெரிக்க வேளாண் துறையும் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 25 வகை மைக்ரோகிரீன்ஸை ஆராய்ந்தன. வைட்டமின் கே அதிகம் இருந்தது சிவப்புத் தண்டுக்கீரை வகையில், வைட்டமின் சி சிவப்பு முட்டைக்கோஸில். முற்றிய இலையைவிடப் பல வகைகளில் சத்து கூடுதல்தான். ஆனால் கிராமுக்குக் கிராம் ஒப்பிட்ட கணக்கு அது. உங்கள் மகள் தோசைமேல் சாப்பிடுவது ஒரு சிட்டிகை, கீரைப் பொரியல் ஒரு கிண்ணம். அதனால் கீரையை விட்டுவிடாதீர்கள், பருப்பில் கடைந்து கொடுத்துப் பாருங்கள். தோசையை அடுப்பிலிருந்து எடுத்தபிறகு தூவுங்கள், சூட்டில் வைட்டமின் சி போய்விடும்.

மாடிச்செல்வி (மதுரை):
ரொம்ப நன்றி. ஸ்பிரே பண்ணியதும் கடுகில் பஞ்சு அப்படியே மறைந்துவிட்டது! இரண்டு தட்டை வீணாக்கிவிட்டேனே என்றிருக்கிறது. வெந்தயத் தட்டில் ஒரு மூலையில் விதை குமிந்து கிடந்த இடத்தில் போகவில்லை, வாடையும் வந்தது. முழுசாகக் கொட்டிவிட்டேன். மாமனாருக்கு வியாழக்கிழமை ஆஸ்பத்திரி, அங்கே கேட்டுக்கொள்கிறேன். கொத்தமல்லி ஐந்து நாளாகியும் முளைக்கவில்லையே?

நார்க்கட்டி (பொள்ளாச்சி):
உருண்டையாகவே போட்டீர்களா? சப்பாத்திக் கட்டையால் லேசாக உருட்டி இரண்டாகப் பிளந்து, ஒரு ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். முளைக்கவே பத்து நாள் ஆகலாம், வெட்ட மூன்று வாரம்.