மிகையேற்பு, பணிநலிவு: பங்களிப்பாளர் கையேட்டுக்கு இரு கலைச்சொற்கள்

அனைவருக்கும் வணக்கம். தன்னார்வலர்கள் பங்களிக்கும் மென்பொருள் திட்டத்தின் கையேட்டுக்காக, பர்ன்அவுட் (நெடுநாள் பணிச்சுமையால் நலிந்துபோதல்), ஓவர்கமிட்மென்ட் (தாங்கக்கூடியதற்கு மேல் பொறுப்பேற்றல்) ஆகியவற்றுக்கான தமிழ்ச் சொற்கள் குறித்து எழுதுகிறேன். முதலில், இங்கு வந்த ஒரு பரிந்துரை:

> பர்ன்அவுட் என்பதற்கு மனச்சோர்வு என்றே வைத்துவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

இதை ஏற்கத் தயங்குகிறேன். மனச்சோர்வு என்பது மருத்துவத் தமிழில் டிப்ரஷனுக்கு நிலைபெற்றுவிட்ட சொல். இங்கும் அதையே ஆண்டால், வேலைப் பங்கீட்டைத் திருத்த வேண்டிய திட்டம் தன்னார்வலரை மருத்துவரிடம் போகச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்னும் நோய் வகைப்பாடு பர்ன்அவுட்டை நோயாகக் கொள்ளாமல் பணிசார்ந்த நிலையாகவே வைத்து, ஆற்றல் வற்றுதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், செயல்திறன் குன்றுதல் என மூன்று கூறுகளைச் சொல்கிறது. ஊதியமில்லாப் பணிக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். 1974இல் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் இச்சொல்லை உளவியலுக்குள் கொண்டுவந்ததே இலவச மருத்துவமனைத் தன்னார்வலர்களிடம் கண்டதை வைத்துத்தான்.

பணிச்சோர்வு என்னும் சொல் முதற்கூற்றை மட்டுமே தொடுகிறது. புதியவர் அனுப்பிய பிழையான நிரலுக்கும் வரிவரியாக விளக்கம் எழுதிய பராமரிப்பாளர், இப்போது வழு அறிக்கையைப் படிக்காமலே மூடுகிறார் என்றால், அது ஒரு வார ஓய்வில் தீரும் களைப்பன்று. ஆகவே பணிநலிவு என்பதை முன்மொழிகிறேன். மெல்ல மெல்லக் குன்றுவதை நலிவு காட்டுகிறது. பணிநலிவுற்றார், பணிநலிவுறும் முன் என்று வினையாகவும் இயல்பாக வரும். எரிந்தடங்கல் என்னும் மற்றொரு பரிந்துரைக்கு இந்த வசதி இல்லை.

ஓவர்கமிட்மென்ட்டுக்கு மிகைப்பொறுப்பைவிட மிகையேற்பு பொருத்தமானது. தன்னார்வலர் தாமே சரி என்று ஏற்பதால்தான் சுமை கூடுகிறது. ஆனால் பழி முழுவதையும் அவர்மேல் போடும் விதமாகக் கையேட்டை எழுதிவிடக் கூடாது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்னும் கோப்புச் சுருக்க நிரலகத்தில் பின்வாசல் (கள்ளத்தனமாக நுழைய மறைத்துவைத்த வழி) வெளிப்பட்டபோது, அந்நிரலகத்தைப் பல ஆண்டுகள் தனியொருவராகப் பராமரித்தவர், இது ஊதியமற்ற பொழுதுபோக்குத் திட்டம் என்றும் தமது மனநலம் இடங்கொடுக்கவில்லை என்றும் 2022இலேயே வெளிப்படையாக எழுதியிருந்தது பலர் கண்ணில் பட்டது. அந்த 2022இல் அவருக்குக் கிடைத்ததோ, பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்ற நெருக்கடி.

இதனுடன் சேர்ந்த இன்னொரு சொல்லையும் இப்போதே முடிவு செய்வது நல்லது. பராமரிப்பாளர் விலகிய மென்பொருள் பொதியை, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத் திட்டம் ஆர்ஃபன்டு என்று குறிக்கிறது. அதை அநாதை என்றோ கைவிடப்பட்டது என்றோ பெயர்த்தால், உரிய நேரத்தில் முறையாக விலகுபவருக்கும் குற்றவுணர்வு வரும். அதற்கு அஞ்சியே பலர் முடியாத நிலையிலும் பொறுப்பைப் பற்றிக்கொண்டிருப்பார்கள். பொறுப்பாளர் தேவைப்படும் பொதி என்று எழுதலாம். நீளம் கூடுதல்தான், ஆயினும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

மாற்றுச் சொற்கள் இருப்பின், கையேட்டின் ஒரு வாக்கியத்தில் பொருத்திக் காட்டி எழுத வேண்டுகிறேன்.