டர்போ காருக்கு ஸ்பார்க் பிளக் நாமே மாத்துறதா, கராஜுக்கு குடுக்கிறதா? (சுபாரு எஸ்டிஐ, 2004)

சுபாருத்தம்பி_06
போன ஞாயிறு வெள்ளவத்தையில எங்கட பிளாட்ஸ் பார்க்கிங்ல வச்சு என்ர எஸ்டிஐக்கு நாலு பிளக்கையும் நானே மாத்திட்டன். காலமை எட்டரைக்கு தொடங்கி மத்தியானம் ரெண்டரை ஆச்சு, அம்மா ரெண்டு தரம் சாப்பிட கூப்பிட்டா, மூண்டாம் தரம் கூப்பிடேல்ல. ஏன் நானே செய்தன் எண்டா, போன வருசம் ஒரு கராஜ்ல (பேர் வேண்டாம்) நாலும் மாத்தினது எண்டு சொல்லி நாலுக்கும் காசு வாங்கினவங்கள், இப்ப கழட்டி பாத்தா முன்னுக்கு இருக்கிற ரெண்டு தான் புதுசு, பின்னுக்கு இருக்கிற ரெண்டும் வேற பிராண்ட், எலக்ட்ரோட் தேஞ்சு மொட்டையா கிடக்கு. கை போக கஷ்டமான ரெண்டையும் தொடவே இல்ல. இனி என்ர காருக்கு பிளக் மாத்த ஒருத்தனுக்கும் சாவி குடுக்க மாட்டன். உங்களுக்கும் அதைத்தான் சொல்லுவன்.

கராஜண்ணை
தம்பி, அவன் செய்தது களவு, அதுக்கு வக்காலத்து வாங்க நான் வரேல்ல. ஆனா ஒருத்தன் களவெடுத்தான் எண்டதுக்காக எல்லாரும் வீட்டு வாசல்ல வச்சு பொக்ஸர் எஞ்சினை நோண்டுங்கோ எண்டு எழுதுறது சரியில்ல. இது கொரோலா இல்ல. சிலிண்டர் படுத்துக் கிடக்கு, பிளக் பக்கவாட்டில, ஹெட்டுக்கும் (சிலிண்டரை மூடுற தலைப்பகுதி) சேஸிக்கும் நடுவில கை போறதே பெரிய பாடு. பெட்டரிய கழட்டினீங்களா? ஏர் ஃபில்டர் பெட்டிய கழட்டினீங்களா? கழட்ட முதல் பிளக் குழிக்குள்ள காத்தடிச்சீங்களா? எஞ்சின் ஆறி இருந்துதா? டோர்க் ரென்ச் (இறுக்கிற அளவு வந்தா கிளிக் பண்ணுற ரென்ச்) இருந்துதா? ஒண்டொண்டா சொல்லுங்கோ, பிறகு கதைப்பம்.

ஈவோ_நானா
இதெல்லாம் சுபாரு காரங்கட தலையெழுத்து 😄 என்ட மிட்சுபிஷி ஈவோல மேல ஈக்கிற மூடிய கழட்டினா நாலு பிளக்கும் ஒரே வரிசைல சிரிச்சிட்டு ஈக்கும். ஒரு டீ குடிச்சு முடியிறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். இதுக்கு கராஜ் போறவன் பல்லு விளக்கவும் ஆள் வைப்பான். தம்பி, எந்த ஹீட் நம்பர் (பிளக் சூட்டை எவ்வளவு வெளியேத்தும் எண்டு காட்டுற நம்பர்) பிளக் போட்ட? டர்போ எண்டா 7 போடு, கூலா ஈக்கும்.

சுபாருத்தம்பி_06
அண்ணே கேட்டதுக்கு பதில். ராவு முழுக்க நிப்பாட்டி வச்சது, எஞ்சின் பச்சத்தண்ணி மாதிரி இருந்துது. பெட்டரி, வொஷர் டேங்க், ஃபில்டர் பெட்டி எல்லாம் வெளியில எடுத்தாச்சு. காத்தடிக்க கம்ப்ரெசர் இல்ல, சைக்கிள் பம்புக்கு ஒரு டியூப் மாட்டி அடிச்சன், சிரிக்காதீங்கோ, மண்ணும் காஞ்ச இலைத்துண்டும் வந்துது. 16 சொக்கட், ரெண்டு சின்ன எக்ஸ்டென்ஷன், ஒரு ஜொயின்ட். டோர்க் ரென்ச் கூட்டாளிட்ட கடன் வாங்கினது, புத்தகத்தில சொன்ன 21 நியூட்டன் மீட்டர். திரும்ப போடேக்க ரப்பர் ஹோஸ் துண்டில பிளக்கை சொருகி கையால சுத்தினன், புரி மாறி ஏறினா ஹோஸ் வழுக்கும், அதால பயமில்ல. புரியில, இறுகிப் பிடிக்காம இருக்க, அன்டி சீஸ் கிறீசும் பூசினன்.

நானா, 6 தான் போட்டன், கம்பனி நம்பர்.

கராஜண்ணை
பாத்தீங்களா, அங்க தான் மாட்டினீங்கள். அன்டி சீஸ் பூசிட்டு 21ல இறுக்கினீங்களா? புத்தகத்தில உள்ள 21 காஞ்ச புரிக்கு. கிறீஸ் இருந்தா புரி வழுக்கும், ரென்ச் 21 எண்டு கிளிக் பண்ணேக்க உள்ளுக்கு பிளக் அதை விட கூட இறுகி இருக்கும். ஹெட் அலுமினியம். என்ஜிகே கம்பனி பிளக்கில புரிக்கு பூச்சு போட்டு தான் வருது, கிறீஸ் பூசாதீங்கோ எண்டு கம்பனியே சொல்லுறாங்கள். இது தான் நான் சொல்லுறது, யூடியூப் பாத்து முக்கால்வாசி படிச்சு, மிச்ச காவாசில எஞ்சினை உடைக்கிறது.

பம்பலப்பிட்டியான்
அண்ணை சொல்லுறது சரி. எனக்கு நடந்தது சொல்றேன். 2021ல நானே மாத்தப் போய் மூணாவது பிளக் புரி மாறி ஏறிச்சு, நான் ஏதோ அழுக்கு தடுக்குது எண்டு நினைச்சு ரெட்செட் போட்டு அழுத்தினேன், அவ்வளவு தான், ஹெட்ல இருந்த புரி பிளக்கோட சேந்து வெளிய வந்திருச்சு. இடத்துல வச்சு ஹெலிகொயில் (புதுப் புரிக்கு போடுற கம்பிச் சுருள்) அடிக்க வழியில்ல, எஞ்சினைத் தூக்கி தான் செய்தாங்க. அது இலங்கையில வாகன இறக்குமதி நிப்பாட்டி இருந்த காலம், 2020 மார்ச்ல மூடினது தனியார் காருக்கு 2025 பெப்ரவரில தான திறந்தாங்க, அப்ப ஒரு நல்ல ஹெட் தேடி நான் அலைஞ்ச அலைச்சல் எனக்கு தான் தெரியும். அதுக்குப் பிறகு வைப்பர் பிளேட் மாத்தவும் கராஜ் தான் 😅

சுபாருத்தம்பி_06
அன்டி சீஸ் விசயம் என்ர பிழை, ஒத்துக்கொள்ளுறன். இண்டைக்கே கழட்டி துடைச்சிட்டு திரும்ப போடுறன். ஆனா அண்ணே, நெஞ்சில கை வச்சு சொல்லுங்கோ, உங்கட கராஜ்ல பாஸ்மார் (மெக்கானிக்மார்) பிளக்குக்கு டோர்க் ரென்ச் எடுக்கிறாங்களா? நான் கொழும்பில எத்தினையோ இடம் போயிருக்கிறன், வீல் நட்டுக்கே ஒருத்தரும் எடுத்து நான் காணேல்ல.

கராஜண்ணை
எடுக்கிறேல்ல. சும்மா பொய் சொல்லி என்ன. கையால முட்ட விட்டு, புது வாஷர் எண்டா அரைச் சுத்து, பழசெண்டா அதில கொஞ்சம். வாஷர் நசியிறது கைக்கு தெரியும். இருவது வருசம் செய்தவன்ர கைக்கு தெரியும் எண்டு தான் சொல்லுறன், உங்கட கைக்கு தெரியாது.

ஈவோ_நானா
அந்த அரைச் சுத்து பிளக் பெட்டிலயே படம் போட்டு ஈக்குது அண்ணே, அதுக்கு ஏன் இருவது வருசம் 😂

கராஜண்ணை
நானா, உங்கட 7க்கு வருவம். உங்கட ஈவோ எவ்வளவு பூஸ்ட் (டர்போ அடிக்கிற காத்தழுத்தம்) எண்டு எனக்கு தெரியாது, கூட்டி ஓடுற காருக்கு 7, 8 சரி. தம்பிட கார் கம்பனி பூஸ்ட். காலையில தெஹிவளையில இருந்து கொள்ளுப்பிட்டிக்கு காலி வீதியால ஊர்ந்து போற காருக்கு கூலான பிளக் போட்டா நுனி சூடே ஏறாது. கிட்டத்தட்ட 450 பாகைக்கு மேல போனாத் தான் கரி தானா எரியும், இல்லாட்டி கறுத்துப் போய் ஸ்பார்க் விட்டு விட்டு மிஸ் அடிக்கும். மாத்தறைக்கு எக்ஸ்பிரஸ்வேயில போற அண்டைக்கு மட்டும் கார் நல்லா இருக்கும். இன்னொண்டு, என்ஜிகேயில நம்பர் கூடக்கூட கூல், பொஷ்ல தலைகீழ். இதை தெரியாமல் நம்பரை மட்டும் பாத்து மாத்தினவங்களையும் நான் கண்டிருக்கிறன்.

ஈவோ_நானா
சரி சரி, 6ஏ ஈக்கட்டும். கேப் (ரெண்டு எலக்ட்ரோட்டுக்கும் நடுவில ஈக்கிற இடைவெளி) எவ்வளவு வச்ச தம்பி? அது தான் டர்போல முக்கியம். பூஸ்ட் ஏறினா உள்ளுக்கு காத்து நெருக்கமா ஈக்கும், ஸ்பார்க் பாயிறதுக்கு வோல்டேஜ் கூட வேணும், கேப் பெருசு எண்டா பிளக்குக்கு கரண்ட் குடுக்கிற கொயிலால ஏலாது. காலிமுகத்திடல்ல நிண்டு தீக்குச்சி பத்த வைக்கிற கதை தான், ரெண்டு கையையும் கிட்ட பிடிச்சா தான் சிகரட் பத்தும். மூணாவது கியர்ல முழுசா மிதிக்கக்குள்ள படபட எண்டு அடிச்சா முதல் கேப்ப பாரு, பிறகு டர்போவ சந்தேகப்படு.

சுபாருத்தம்பி_06
0.75 மில்லிமீட்டர். புத்தகத்தில 0.7 இல இருந்து 0.8 வரைக்கும் எண்டு இருக்கு. பெட்டியில இருந்து வந்ததே அப்பிடித்தான், வயர் கேஜால அளந்து மட்டும் பாத்தன். இரிடியத்துக்கு அந்த வட்டக் காசு மாதிரி கேஜ் சொருகக் கூடாதாம், நடு ஊசி முறியும்.

பம்பலப்பிட்டியான்
பிளக் எங்க வாங்கினீங்க? பஞ்சிகாவத்தைல நான் ஒருக்கா ஒரு கடைல வாங்கினது டூப்ளிகேட். நல்ல கடையும் நிறைய இருக்கு அங்க, என்ட நேரம். பெட்டி அச்சு அசல், ஆனா வாஷர கையால சுத்தினா கழண்டு வந்திருச்சு, ஒரிஜினல்ல அப்படி லேசா வராது.

சுபாருத்தம்பி_06
ஏஜென்ட்ட. ரெண்டு மடங்கு விலை, பரவாயில்ல.

சுபாருத்தம்பி_06
இப்ப தான் கீழ போயிட்டு வாறன். நாலையும் கழட்டி துடைச்சாச்சு. ஒரு சிக்கல். நாலாவது சிலிண்டர், பெட்டரிப் பக்கம் பின்னுக்கு, கொயிலை இழுத்தா ரப்பர் முழுக்க ஒயில். குழிக்குள்ளயும் நிக்குது. ஞாயிறு பாக்கேக்க லேசா ஈரமா இருந்தது தான், நான் ஏதோ பழைய அழுக்கு எண்டு துணியால துடைச்சிட்டு விட்டிட்டன்.

கராஜண்ணை
டேப்பட் கவருக்குள்ள, பிளக் குழியைச் சுத்தி இருக்கிற சீல் போயிட்டுது. 2004 கார், ரப்பர் காஞ்சு கல்லு மாதிரி இருக்கும். இப்பிடியே விட்டா கொயில் ரப்பர் ஊதி, பிறகு ஸ்பார்க் பக்கவாட்டில பாஞ்சு மிஸ் அடிக்கும், நீங்கள் புது பிளக் பிழை எண்டு திரும்ப நாலு வாங்குவீங்கள். ஈரத்தை கண்டும் துடைச்சிட்டு விட்டீங்கள் பாருங்கோ, நான் எண்டா அண்டைக்கே கவரை கழட்டியிருப்பன்.

சுபாருத்தம்பி_06
ஓம் அண்ணே, நீங்கள் கழட்டியிருப்பீங்கள். போன வருசம் காசு வாங்கினவன் அந்தக் கொயிலை இழுத்தே பாக்கேல்ல. நான் கழட்டினபடியால் தான் இது இப்பவாவது தெரியுது. நீங்கள் எந்தப் பக்கம் எண்டு சொல்லுங்கோ, சனிக்கிழமை கொண்டு வாறன், கவர் வேலை எனக்கு ஏலாது. ஆனா பக்கத்தில நிண்டு பாப்பன்.

கராஜண்ணை
ரத்மலானை. இன்பொக்ஸ்ல இடம் அனுப்புறன். நிக்கலாம், ஆனா லைட் பிடிக்க வேணும். ரெண்டு பக்கத்துக்கும் சீல் செட் எடுத்து வாங்கோ, ஒரு பக்கம் போனா மற்றதும் போற நேரம் தான். அதுவரைக்கும் பூஸ்ட்ல மிதிக்காதீங்கோ.

ஈவோ_நானா
தம்பி அந்த 16 சொக்கட் காந்தம் உள்ளதா? சனிக்கிழமை ஒனக்கு தேவைப்படாது தானே, ஒரு நாளைக்கு தா.