ஆலயத்துக்குத் துப்பாக்கியோடு போகலாமா? வாலிபர் கூட்டத்துக்கு உதவி தேவை

அனைவருக்கும் ஸ்தோத்திரம். பெரம்பூர் பக்கம் ஒரு சபையில் வாலிபர் வேதபாடம் நடத்துகிறேன். டெக்சாஸில் இருக்கும் என் சித்தி மகன் அங்கே சபையின் பாதுகாப்புக் குழுவில் சேர்ந்து, ஆராதனைக்கே இடுப்பில் துப்பாக்கியோடு போகிறானாம். இதைச் சொன்னதும் பிள்ளைகள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. 2019 டிசம்பரில் அந்த மாநிலத்தின் ஒயிட் செட்டில்மென்ட் ஊரில், ஆலயத்துக்குள் இரண்டு பேரைச் சுட்டுக் கொன்றவனை, பாதுகாப்புக் குழுவில் இருந்த ஒருவர் சில நொடிகளில் சுட்டு வீழ்த்தினார். பட்டயம் (வாள்) வாங்கச் சொன்னவரும் இயேசுதானே (லூக்கா 22:36) என்கிறான். சரி, அதே இரவில்தான் பேதுருவிடம் பட்டயத்தை உறையில் போடச் சொன்னார்! மென்னோனைட்டுகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் ஆயுதமே கூடாது என்கிறார்கள். தன் உயிரைக் காக்கக் கொல்வதை ஆதித் திருச்சபையின் போதகரான அகஸ்டின் ஏற்கவில்லை. பிறருக்காக, அதிகாரம் பெற்றவர் செய்தால் ஏற்றார். எனக்கு இது பிடித்திருக்கிறது.

நம் ஊரில் லைசென்ஸ் கிடைப்பதே அபூர்வம். ஆனால் பிறர் உடலைக் காக்கும் தற்காப்பு உரிமை பாரதிய நியாய சன்ஹிதா என்ற நம் நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 35-ஆம் பிரிவில் நமக்கும் உண்டு.

ரோமர் 13:4 அரசாங்கத்தின் பட்டயத்தைப் பற்றியது. சபை வாசலில் நிற்கும் தொண்டருக்கு அது பொருந்துமா? இதைப் பற்றித் தமிழில் நல்ல புத்தகம் இருக்கிறதா? போலீஸில் இருக்கும் விசுவாசி யாராவது ஞாயிறு சாயங்காலம் அரை மணி நேரம் வந்து பேச முடியுமா? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். அமெரிக்க அரசியல் சண்டை மட்டும் வேண்டாம், ப்ளீஸ்.