கோடில் டேபிளை (பட்டியலை) லூப் போட்டுச் சுற்றும்போது 'எத்தனாவது' என்ற எண் தொலைந்த அனுபவம் உண்டா? வேலூர்ப் பக்கத்து ஆட்கள் சொல்லுங்கள்

சிப்காட்_வாசி:
ராணிப்பேட்டையில் ஒரு டேனரி, தோல் பதனிடும் ஆலை. ஆறு டிரம், ஆறிலும் வெப்ப சென்சார், நோட்எம்சியு என்கிற சின்ன கன்ட்ரோலர் போர்டில் லுவா மொழி. முன்னாடி இருந்தவர் எழுதிவிட்டுப் போன கோடு. ஒருநாள் காலையில் வெப்பம் காட்டும் பலகையில் 1, 2 மட்டும் தெரிகிறது, மற்றது எல்லாம் காலி. மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, மீதி நாலு டிரம்மை யார் வீட்டுக்கு அனுப்பிட்டே?" என்றார். பக்கத்திலேயே அஞ்சாவது டிரம் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது சென்சாரின் வயர் அறுந்திருந்தது. அதனால் அந்த இடத்தில் நில், அதாவது லுவாவில் 'மதிப்பே இல்லை'. டேபிளை வரிசையாகச் சுற்றும் ஐபேர்ஸ் நில்லைப் பார்த்த இடத்திலேயே நின்றுவிட்டது. எர்ரர் ஒன்றும் வரவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

தறிக்காரன்:
குடியாத்தத்தில் லுங்கி வியாபாரி ஒருவரின் எக்செல் கூலிக் கணக்கு. பாக்கி பூஜ்யமாக இருக்கும் வரிகளை நீக்க ஒரு மேக்ரோ. கணக்குப்பிள்ளை அதை எப்போதும் இரண்டு தடவை அமுக்குவார். ஏன் என்று கேட்டால், "முதல் தடவை அதுக்குப் பாதிதான் பிடிக்கும் தம்பி" என்று ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்.

ஐந்தாவது வரியை நீக்கினால் ஆறாவது மேலேறி ஐந்தாகிவிடும். லூப் போ ஆறுக்குப் போய்விடும். மேலேறி வந்ததை யாரும் பார்ப்பதில்லை. நாலு பூஜ்யம் அடுத்தடுத்து வந்தால் இரண்டு அமுக்கும் போதாது. கீழிருந்து மேலே, ஸ்டெப் -1 போட்டுக் கொடுத்தேன். அவர் இன்னமும் இரண்டு தடவைதான் அமுக்குகிறார்.

காட்பாடி_ஜங்ஷன்:
சிப்காட் நண்பரே, ஐபேர்ஸைத் திட்டாதீர்கள். 1, 2, 3 என்று போய் முதல் நில்லில் நிற்பதுதான் அதன் வேலை, மேனுவலிலேயே இருக்கிறது. ஆறு டிரம் என்று தெரிந்த இடத்தில் 1 முதல் 6 வரை எண் வைத்த ஃபார் லூப் போட்டிருக்க வேண்டும். டேபிளின் நீளம் சொல்லும் # குறியையும் நம்பாதீர்கள். நடுவில் ஓட்டை இருந்தால் அது 6 என்றும் சொல்லலாம், 2 என்றும் சொல்லலாம், இரண்டுமே விதிப்படி சரி. சென்சார் செத்தால் நில்லுக்குப் பதிலாக ஃபால்ஸ் ('பொய்' என்ற மதிப்பு) வையுங்கள், ஐபேர்ஸ் அதைத் தாண்டிப் போகும். அப்புறம், லுவா எண்ணுவதை 1-இல் தொடங்குவதே பாதித் தலைவலிக்குக் காரணம். பூஜ்யத்தில்தான் எண்ணத் தொடங்க வேண்டும் என்று கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா 1982-லேயே எழுதி வைத்துவிட்டார். சி, பைத்தான், ஜாவா எல்லாம் அப்படித்தான். பைத்தான் பழகியவர் லுவாவுக்கு வந்தால் முதல் வாரம் எல்லாமே ஒன்று தள்ளித்தான் இருக்கும். எனக்கும் ஒரு கதை உண்டு, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

டோக்கன்_7:
பூஜ்யமா ஒன்றா என்று இங்கே யார் கேட்டது? பைத்தானிலேயே நடந்ததைச் சொல்கிறேன். ஊருக்குள் ஒரு சின்ன கிளினிக். வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள் நிறைய, ஒரே பெயரில் இரண்டு பேர் இருப்பது அங்கே புதிதில்லை. டோக்கன் திரையில் 7 என்று வந்ததும் இரண்டு பெரியவர்கள் ஒன்றாக எழுந்தார்கள். இரண்டு சீட்டிலும் 7. ஆளுக்கு ஆள் சீட்டை நீட்டிக் காட்ட, நடுவில் நர்ஸம்மா.

கோடைத் திறந்தால், லூப்புக்குள் ஒவ்வொரு பெயருக்கும் இன்டெக்ஸ், அதாவது 'பட்டியலில் எத்தனாவது', என்று கேட்டு எண் வாங்கியிருக்கிறார்கள். அது அந்தப் பெயர் முதலில் வரும் இடத்தைத்தான் தரும். இரண்டாமவர் பன்னிரண்டாவதாக இருந்தாலும் அவருக்கும் 7-தான். எனுமரேட் என்ற ஃபங்ஷன் 2003-இல் வந்த பைத்தான் 2.3-லேயே இருக்கிறது. எண்ணையும் ஆளையும் சேர்த்தே கையில் கொடுத்துவிடும், பிறகு தேட வேண்டியதே இல்லை.

சத்துவாச்சாரி_ரிட்டயர்டு:
தம்பிகளா, கோபால் என்ற பழைய கணினி மொழியில் இதற்குப் பெயரே டேபிள்தான். எத்தனை வரி என்று ஆக்கர்ஸ் போட்டு, இன்டெக்ஸ்ட் பை என்று எண்ணுக்கும் ஒரு பெயர் வைப்போம். ஒரு வட்டிக் கணக்கு ப்ரோகிராம், முதல் கணக்குக்குச் சரியாக விகிதம் எடுக்கும், அடுத்ததற்கு 'இல்லை' என்று சொல்லிவிடும். டேபிளில் கண்ணெதிரே இருக்கிறது! சர்ச் என்பது இன்டெக்ஸ் நிற்கிற இடத்திலிருந்துதான் தேடும். போன தடவை நாலில் நின்றது, இந்தத் தடவை வேண்டியது இரண்டில். ஒவ்வொரு சர்ச்சுக்கும் முன்னால் செட் போட்டு இன்டெக்ஸை 1-க்குக் கொண்டுவர வேண்டும். சர்ச் ஆல் என்றால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் டேபிள் வரிசைப்படி அடுக்கியிருக்க வேண்டும்.

சிப்காட்_வாசி:
ஃபால்ஸ் வேலை செய்கிறது, நன்றி. அய்யா சொன்னது எனக்குப் புதுசு. இப்போது மேஸ்திரி டிரம்முக்கு எண் வேண்டாம், பெயர் போடு என்கிறார். பெயரைச் சாவியாக (கீ) வைத்து, எல்லாச் சாவியையும் சுற்றும் பேர்ஸில் சுற்றினால் வரிசை அது இஷ்டத்துக்கு வருகிறது. என்ன செய்கிறீர்கள்?

தறிக்காரன்:
பெயர்களை மட்டும் வரிசையாக இன்னொரு டேபிளில் வையுங்கள். அதை ஐபேர்ஸில் சுற்றி, பெயரைக் கொண்டு வெப்பத்தை எடுங்கள். பெயருக்கு வயர் அறுகாது.