புதுப்பிப்பு: டிவிஷன் 3 (மூன்றாம் பிரிவு) அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால், 40 அணிக் கணக்கு

இது நம்மூர் கால்பந்து இல்லை, கையில் பந்தை ஏந்தி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். 2023 பிளேஆஃப் (தோற்றால் வெளியேறும் கோப்பைச் சுற்றுகள்) பற்றிய என் பழைய பதிவில், 32 அணி, 5 சுற்று, ஆக சாம்பியனுக்கு வழக்கமான சீசன் 10 + பிளேஆஃப் 5 = 15 ஆட்டம் என்று போட்டிருந்தேன். 2024-ல் அது மாறிவிட்டது. இப்போது 40 அணி. முதல் 24 அணிகளுக்கு முதல் சுற்று ஓய்வு. மீதி 16 மோதி 8 தேறும். பிறகு பழைய 32 கணக்குதான். ஓய்வு கிடைக்காத அணி கோப்பை வெல்ல 16 ஆட வேண்டும். விளையாட்டு உதவித்தொகையே இல்லாத பிரிவில் இது சின்ன விஷயமில்லை. கூடுதல் வாரத்தால் இறுதி ஆட்டமும் டிசம்பரிலிருந்து 2025 ஜனவரி 5-க்குத் தள்ளிப்போனது. ஹூஸ்டனில் நார்த் சென்ட்ரல் கல்லூரி 41-25 என மவுண்ட் யூனியன் கல்லூரி அணியை வென்றது.

2023 இறுதியில் நார்த் சென்ட்ரல் ஏன் உதைத்துச் சமன் செய்யவில்லை என்று கேட்டிருந்தீர்கள். நார்த் சென்ட்ரலின் கடைசி டச் டவுனுக்குப் (எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது) பின் ஸ்கோர் 38-37, எதிரணி கார்ட்லேண்ட் முன்னிலை. டச் டவுன் போட்ட அணிக்குக் கூடுதல் புள்ளிக்கு ஒரு வாய்ப்பு உண்டு. பந்தைக் கோல் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 1 புள்ளி, ஸ்கோர் சமன், ஓவர்டைம் (கூடுதல் நேரம்). 2 புள்ளிக்குப் போனால், கோல் கோட்டிலிருந்து 3 யார்டு தள்ளி ஒரே ஒரு முயற்சி; பந்தை உள்ளே கொண்டுபோனால் முன்னிலை. ஓவர்டைமில் இரு அணிக்கும் 25 யார்டிலிருந்து பந்து. 38 புள்ளி கொடுத்த தற்காப்பை நம்பி ஓவர்டைமுக்குப் போவதைவிட அந்த 3 யார்டு முயற்சியே மேல் என்பது என் கட்சி. முயற்சி தோற்றது, நார்த் சென்ட்ரலின் 29 ஆட்ட வெற்றித் தொடரும் அங்கேயே அறுந்தது. ஆனாலும் முடிவு தப்பில்லை.