பதில்: பஃபர் அண்டர்ரன் – ‘தாங்கி வறட்சி’ எனலாமா?

> ‘இடையகக் குறைவோட்டம்’ என்றே வைத்துவிடலாமே. மூலத்துக்கு அதுதான் கிட்ட நிற்கிறது.

வணக்கம். கணினி ஒலியை வெளியே விடுமுன் சேர்த்துவைக்கும் இடம் பஃபர் (buffer); அது நிரம்பாமல் காலியாகி ஒலி அறுவதுதான் பஃபர் அண்டர்ரன் (buffer underrun). அதற்குத்தான் தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் சொன்ன ‘இடையகக் குறைவோட்டம்’ ஆங்கில மூலத்துக்குக் கிட்டத்தான் நிற்கிறது. ஆனால் ஒலிக்கலவை பழகும் பெடியனிடம் அதைச் சொன்னால், எங்கே என்ன குறைந்து ஓடியது என்று திருப்பிக் கேட்பான்.

போன கிழமை இணுவிலில் பதிந்த நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைக் கலக்க உட்கார்ந்தேன். எதிரொலி, சமன்படுத்தி என்று ஒலியை மாற்றும் துணை மென்பொருள்களான செருகிகளை (plugins) அடுக்கியதும் இடையிடையே ‘டிக், டிக்’. தவிலில் தெரியவில்லை, அடியோடு அடியாக ஒளிந்துவிடுகிறது. நாதஸ்வரம் ஒரு சுரத்தை நீட்டிக் கார்வை பிடித்தால் போதும், காட்டிக்கொடுத்துவிடும். திரும்பப் போட்டேன், டிக் வேறு இடத்தில் விழுந்தது. அதனால் கோப்பில் பிழையில்லை என்று விளங்கியது. கோப்பிலேயே இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில்தான் வரும்.

கணினி ஒலியை எண்களாக அளந்துவைக்கும் மாதிரிகள் (samples) செக்கனுக்கு 48,000. பஃபரில் 128 வைத்திருந்தேன், அதாவது 2.7 மில்லிசெக்கனுக்குத்தான் சரக்கு. அதற்குள் கணினி அடுத்த 128ஐ நிரப்பவில்லையென்றால் ஒலி அறுகிறது. 512 ஆக்கினேன், நின்றது.

யாழ்ப்பாணத்தில் தாங்கி என்றால் முதலில் தண்ணீர்த் தாங்கிதானே? கீழே குழாய் திறந்தபடி, மேலே மோட்டார் ஏற்றிக்கொண்டிருக்கிறது. மோட்டார் கொஞ்சம் திணறினாலும் தாங்கி வறண்டு குழாய் இருமும். இதைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தோன்றவில்லை. தமிழக நண்பர்களுக்குத் தாங்கி என்றதும் முட்டுக்கொடுக்கும் கட்டை நினைவுக்கு வரலாம், அவர்கள்தான் சொல்லவேண்டும். முதலில் ‘தாங்கி வற்றல்’ என்றுதான் எழுதினேன். கத்தரி வற்றலா பாகல் வற்றலா என்று வீட்டில் கேட்டார்கள், விட்டுவிட்டேன்.

காதில் விழும் அந்தச் சத்தத்துக்கு வேறு பெயர் வேண்டும். ‘கோளாறு’ எல்லாவற்றுக்கும் பொது. ‘பிசிறு’ நல்லது; குரல் பிசிறடிக்கிறது என்று ஏற்கெனவே சொல்கிறோம். தாங்கி வறண்டு வருவது வறட்சிப் பிசிறு. ஒலியலையை அது பூச்சியத்தைத் தொடும் இடத்தில் வெட்டாமல் நடுவில் வெட்டி ஒட்டியதால் வருவது வெட்டுப் பிசிறு. முன்னதற்குத் தாங்கியைப் பெருக்கவேண்டும், பின்னதற்கு ஒட்டிய இடத்தில் ஒலியை மெல்லத் தேய்த்து இணைக்கவேண்டும். பெயரே மருந்தையும் சொல்லிவிடுகிறது.

இன்னொன்று. தாங்கியை 1024 ஆக்கினால் பிசிறு போகும், ஆனால் பதியும்போது பாடகரின் காதில் அவருடைய குரலே 21 மில்லிசெக்கனுக்கு மேல் பிந்தி விழும். இதற்குத் ‘தாமதம்’ போதுமா? எங்கள் பக்கம் ‘சுணங்கி வந்தான்’ என்பதுதான் பேச்சு. ‘சுணக்கம்’ என்றால் யாருக்காவது மறுப்பு உண்டா?